ஒரு பானை, இரண்டு குகைகள்

சவப்பெட்டி இருந்த முன்னறைக்கு முதுகைக் காட்டி நின்றபடி, ரெமி கைபேசியில் இரண்டு பானைச் சில்லுகளின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் முகத்தைப் பார்ப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

ஒரு சில்லு கடலோரக் குகையில் கிடைத்தது. பிலிப்பைன்ஸின் மஸ்பாதேத் தீவில் வாழ்ந்த பழைய மனிதர்கள் இறந்தவர்களைத் தாழியில் வைத்துவிட்டுப் போன இடம் அது. மற்றது, ஆற்றைத் தாண்டி வெகுதூரம் உள்ளே, ஒரு பாறைக் குடைவில் எடுத்தது. அங்கே எலும்பும் இல்லை, தாழியும் இல்லை. கொஞ்சம் சாம்பல், தின்று போட்ட சிப்பிகள், இந்த ஒற்றைச் சில்லு. இரண்டிலும் ஒரே அலங்காரம்: ஈரமண்ணில் கீறிய முக்கோணங்கள், உள்ளே முள்ளால் குத்திய புள்ளிகள், பள்ளங்களில் வெள்ளைச் சுண்ணாம்பு. அதில் அதிசயமில்லை, பக்கத்துத் தீவுகளிலும் அப்படித்தான் கீறினார்கள். ஆனால் ஒன்றில் பாதியில் அறுந்த முக்கோணம் மற்றதில் போய் முடிந்தது. அகழாய்வுக் கூடத்தில் உடைந்த விளிம்புகளைச் சேர்த்து மெல்ல அசைத்தபோது, பல்லும் பள்ளமும் கவ்விக்கொள்வது விரல் நுனிக்குத் தெரிந்தது. ஒரே பானையின் ஓடுகள்தான் அப்படிக் கவ்வும்.

"பை மாறிப்போச்சும்மா. லேபிள் எழுதினது நீதானே?" என்றிருந்தார் அகழாய்வில் அவளுடைய மேலதிகாரி. எழுதியது அவள்தான். ஆனால் அந்தச் சில்லை மண்ணிலிருந்து எடுத்ததும் அவளேதான்.

துக்க வீட்டு வழக்கப்படி முன்னறையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் பெட்டியைத் தூக்க எழுந்தார்கள். "ஒரு சீட்டு குறையுதே?" "எல்பிடியோ சட்டைப் பையில பாரு. சும்மா படுத்திருக்கற ஆளா அவன்?" சிரிப்பு எழுந்து சட்டென்று அடங்கியது.

அண்ணன் எல்பிடியோவுக்கு முப்பத்துநாலு வயது. இரவு வயிறாரச் சாப்பிட்டு, சிரித்துப் பேசிவிட்டுப் படுத்தவன். தூக்கத்தில் முனகினான். மனைவி உலுக்குவதற்குள் முடிந்துவிட்டது. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோவதை ஊரில் பாங்குங்கோட் என்பார்கள். அப்பாவும் அப்படித்தான் போனார். ஆறு மாதக் கர்ப்பிணியான ரெமி, அண்ணன் போன அன்றிலிருந்து கண்ணை மூடவே பயந்தாள். அது ரத்தத்தில் வருவதா? வயிற்றுக்குள்ளும் போயிருக்குமா? யாரையும் கேட்கவில்லை. முனகுகிறவரின் கால் பெருவிரலை ஆட்டினால் உயிர் திரும்பும் என்பதால், கணவன் டோமெங் அவள் கால்மாட்டில் விரலைப் பிடித்தபடியே படுத்தான்.

"இண்டாய், என் பொண்ணே, போனை உள்ள வை. நீ வெளிய வராத. வயித்துல புள்ளய வச்சிருக்க" என்றாள் தியா பாசிங், அப்பாவின் தங்கை. கையில் ஒரு சோற்றுச் சட்டி.

பெட்டி வாசலைத் தாண்டியதும் சட்டியைப் படியில் ஓங்கிப் போட்டாள். அது உடைந்தால்தான் சாவு அத்தோடு நிற்கும், அடுத்த ஆளைத் தேடித் திரும்பாது.

சட்டி உடையவில்லை. எகிறி, உருண்டு, உள்ளே நின்ற ரெமியின் காலருகே வந்து நின்றது.

தியா அவள் முகத்தைப் பார்க்காமல் சட்டியை எடுத்துப் போய் மறுபடி அடித்தாள். இந்தமுறை நாலாபக்கமும் தெறித்தது.

"நானும் வரேன்" என்றாள் ரெமி. அந்த வீட்டில் தனியாக இருக்க முடியாது. சில்லுகளை மிதித்துக்கொண்டே வெளியே நடந்தாள்.

அடக்கம் முடிந்ததும் தியா டோமெங்கின் மோட்டார் ட்ரைசிக்கிள் அருகே வந்தாள். "நேரா வீட்டுக்குப் போயிடாதீங்க. எங்கயாச்சும் உக்காந்து உதறிட்டுப் போங்க. இல்லன்னா சாவு கூடவே வந்துரும்."

டோமெங் ரொட்டிக்கடை முன் நிறுத்தினான். "கூட வந்தவருக்கும் சேத்து பான் டி சால் வாங்கட்டா?"

"சும்மா இரு."

அவள் குரலைக் கேட்டு அவன் சிரிப்பை விட்டான். ரெமி பெஞ்சில் உட்கார்ந்து பாவாடையை உதறினாள். பிறகு ரப்பர் செருப்பைக் கழற்றித் தட்டினாள். அடிப்பள்ளத்திலிருந்து ஒரு சில்லு விழுந்தது. ஒருபக்கம் கரி, மறுபக்கம் சிவப்பு. தியாவின் சட்டி.

காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கல்லறை வரைக்கும், அங்கிருந்து இதுவரைக்கும், அவளுடனேயே வந்திருக்கிறது. எடுக்கவும் முடியவில்லை, கண்ணை அகற்றவும் முடியவில்லை.

மற்ற சில்லுகள் அண்ணன் வீட்டு வாசலில் கிடக்கின்றன. இது இங்கே பெஞ்சுக்கடியில் மண்ணோடு போகும். என்றைக்காவது யாராவது தோண்டி இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பை மாறிவிட்டது என்றுதான் சொல்வார்கள்.

"டோமெங்."

"என்ன?"

"லேபிள் மாறல."

"எந்த லேபிள்?"

"யாரோ குகையில சாவைக் கொண்டுபோய் வச்சிருக்காங்க. பானையை உடைச்சிருக்காங்க. திரும்பற வழியில நேரா வீட்டுக்குப் போகப் பயந்து, அந்தப் பாறைக்கடியில உக்காந்து உதறியிருக்காங்க. சில்லு அங்க விழுந்திருக்கு."

டோமெங் பெஞ்சுக்கடியில் கிடந்ததைப் பார்த்தான். பிறகு அவள் வெறுங்காலைப் பார்த்தான். வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.