மறு காது

ஆசாரி கையுறையை மாட்டிக்கொண்டு, புது ஊசியையும் தங்கக் கம்பியையும் தட்டில் எடுத்து வைத்துவிட்டார். விஷயம் தெரிந்துதான் வந்திருந்தார். தாய்மாமன்தான் இன்னும் வரவில்லை.

பரவை ஊரில் அந்த வீட்டின் முன்னறையில் விரித்த பாயில், பட்டுப்பாவாடை கசங்கிவிடாமல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் பேச்சி. ஐந்து வயது. எய்ட்ஸில் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர, அதே கிருமியோடு இந்த இல்லத்துக்கு வந்த முதல் பிள்ளை. இதுவரைக்கும் ஒரே பிள்ளையும் அவள்தான்.

தெரசாவும் சைனபும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள். வீடு சைனபுடையது; இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கியே தீரவேண்டும் என்ற பிடிவாதம் தெரசாவுடையது. வருகிற பிள்ளைகளைச் சொந்தபந்தத்திலிருந்து அறுத்துவிடக் கூடாது என்பதும் அவள் பிடிவாதம்தான். சமயநல்லூரில் பஞ்சர் கடை வைத்திருக்கும் அழகுபாண்டி, பேச்சியின் அம்மாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. காது குத்துக்கு நேரில் போய் அழைத்தபோது, "பாப்போம் டீச்சர்" என்று டியூபைப் பார்த்துச் சொல்லியிருந்தான்.

"அவன் வரமாட்டான். நான் மடியில வச்சுக்கிறேன் தெரசா. மடியில என்ன ஆம்பள மடி, பொம்பள மடி?" என்றாள் சைனப்.

"உன் மடியிலதான தெனமும் கெடக்கா. இன்னைக்கு அவளுக்கு மாமன் வேணுமாம்."

சொல்லிவிட்டுத் தெரசா வாசலைப் பார்த்தாள். சொந்த மாமனே தொடமாட்டான் என்பதை இந்தப் பிள்ளை இன்றைக்குத் தெரிந்துகொள்ளப் போகிறது. அதற்கு நாள் பார்த்து, பட்டு உடுத்தி உட்கார வைத்தது யார்? தான்தானே.

வாசலில் பைக் வந்து நின்றது. அழகுபாண்டி நிலைப்படிக்கு வெளியிலேயே நின்று, சின்ன டப்பா ஒன்றை நீட்டினான்.

"கம்மல். குடுத்துட்டுக் கெளம்புறேன் டீச்சர். கடையில ஆளில்ல."

"கொரியர்ல போட்டுருக்கலாமே தம்பி, பெட்ரோல் மிச்சம்" என்றாள் சைனப்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ரத்தம் வருமே."

தெரசா அருகில் போய்த் தணிந்த குரலில் சொன்னாள்: "மாத்திரை ஒழுங்காச் சாப்புடுறா. கிருமி நல்லா அடங்கிருச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. வேட்டியில பட்டாலும் ஒண்ணும் ஒட்டிக்கிடாது தம்பி."

"தெரியும் டீச்சர். செல்லுல எல்லாம் பாத்துட்டேன். தெரிஞ்சும் காலு நகர மாட்டேங்குதே, நான் என்ன செய்ய?"

பேச்சி பாயிலிருந்து அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"பயமா இருந்தா கண்ண மூடிக்க மாமா. ரத்தம் எடுக்கையில நான் அப்படித்தான் மூடிக்கிருவேன்."

அழகுபாண்டி செருப்பைக் கழற்றினான். வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தான். பிள்ளை எழுந்துபோய், எத்தனையோ நாள் பழகிய இடம் போல, அவன் மடியில் ஏறிக்கொண்டது. அவன் கண்கள் இறுக மூடியிருந்தன. கைகள் மெல்ல அவளைச் சுற்றி வந்தன. மாதா கோயில் பூசையில் குரு நற்கருணை அப்பத்தை உயர்த்தும்போது அடங்குவதுபோல் தெரசாவுக்கு மூச்சு அடங்கியது.

ஊசி இறங்கியதும் பேச்சி வீடே அதிர அலறினாள். அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். அந்த இழுப்பில் அவன் கண் திறந்துவிட்டது.

வேட்டியில் மிளகளவு சிவப்பு.

அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார்.

அழகுபாண்டி பிள்ளையின் முகத்தை மெல்லத் திருப்பித் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டான். மறு காதை மூடியிருந்த முடியை, ஒவ்வொரு இழையாக, விரலால் ஒதுக்கத் தொடங்கினான்.