ஒன்பது நாள் பேச்சு

பம்பாயில் எங்கள் ஐ.சி.யு.வின் மற்ற நர்சுகள் மலையாளத்திலோ மராத்தியிலோ பேசுவார்கள். எனக்குத் தமிழ் பேச ஆளில்லை. எண்பத்தாறு ஜூலையில் வாய்த்த ஒரே ஆளும் வாயில் குழாயோடு கிடந்தான்.

காசிம், மேலப்பாளையத்துக்காரன், தாராவித் தோல் பட்டறையில் வேலை. லாரி மோதித் தொடை எலும்பு முறிந்து, கம்பி வைத்து ஆபரேஷன் செய்தார்கள். மறுநாளே மூச்சு முட்டியது. எலும்புக்குள்ளிருந்த கொழுப்பு ரத்தத்தோடு போய் நுரையீரலைக் கெடுத்துவிட்டது என்றார் டாக்டர். வெண்டிலேட்டரில் போட்டோம். மெஷினை எதிர்த்து மூச்சு இழுக்காமல் இருக்க மயக்க ஊசியும் உண்டு. பட்டறை முதலாளி இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். பம்பாயில் அவனுக்கு வேறு யாருமில்லை. எனக்கும்தான்.

சளியை உறிஞ்சி எடுக்கும்போது பயப்படாதே என்று சொல்லப் போய்த்தான் பேச்சு தொடங்கியது. பிறகு நிற்கவில்லை. வடக்கன்குளத்து வீட்டை, செம்பூர் ஹாஸ்டல் வார்டனின் திமிரை, திலக் நகர் மாப்பிள்ளை என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போய்ப் பதிலே சொல்லாததை, எல்லாம் கொட்டினேன். மாப்பிள்ளை விஷயத்தை அம்மாவுக்குக்கூட எழுதவில்லை. அதைக் கேட்டு அவன் அரைமயக்கத்திலேயே என் விரலை அழுத்தினான். இந்தப் பெரிய ஊரில் என் பக்கம் நிற்க ஒருவன் கிடைத்தான் என்று எனக்கு அழுகை வந்தது.

ஏழாம் நாள் ரத்தப் பரிசோதனை நன்றாக வந்தது. மெஷின் தரும் மூச்சைக் குறைத்து, அவனாக இழுக்கிறானா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார் டாக்டர். இழுத்தான். ஒழுங்காகவே இழுத்தான். ஆனால் குழாயை எடுத்தால் வார்டுக்கு மாற்றிவிடுவார்கள். களைத்துப்போகிறான் சார், நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

நான் செய்ததிலேயே கேவலமான காரியம் அதுதான். மறுநாள் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. குழாய் உள்ளே இருக்க இருக்கக் கிருமி சேரும் என்று படித்தவள் நான். டாக்டரிடம் போய், நேற்றே அவன் நன்றாக இழுத்தான், நான்தான் மாற்றிச் சொன்னேன் என்றேன். ஜெயசீலி, நீயெல்லாம் ஒரு நர்ஸா என்று கேட்டார். வாங்கிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் காய்ச்சல் இறங்கியது. குழாயை எடுத்தோம். இருமினான். வாயைத் துடைத்துவிட்டு, "மெல்ல மூச்சு விடு தம்பி" என்றேன்.

என் முகத்தையே பார்த்தான். குரல் கரகரவென்று வந்தது.

"சிஸ்டர், நீங்க தமிழா?"

அந்த மயக்க ஊசி ஞாபகத்தையும் சேர்த்துத் தின்றுவிடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும்.

ஆமாம் என்றேன். எந்த ஊர் என்று கேட்டான். மறுபடி முதலிலிருந்து சொல்ல எனக்குத் தெம்பில்லை. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவன் உதட்டில் வைத்தேன்.