தவிடு இல்லாத பழுப்பு

ரொட்டிக்காரனுக்கு அக்கா வீட்டு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலி நல்ல நாற்காலிதான். எதிரே அக்கா, அவன் வேலை பார்க்கும் பேக்கரியின் பழுப்பு ரொட்டியில் நாலாவது துண்டைத் தின்றுகொண்டிருந்தாள், குறை அங்கேதான்.

"சர்க்கரை இறங்கவே மாட்டேங்குதுடா. இப்படியே போனா ஊசிதான்னு டாக்டர் சொல்லிட்டார். முழு தானியம் சாப்பிடச் சொன்னார். நானும் உன் ரொட்டியைத் தவிர வேற எதையும் தொடறதில்ல. தம்பி கைக்கு மிஞ்சின மருந்தா?"

அவன் நாற்காலியை விட்டு எழுந்தான். ஜன்னலைத் திறந்தான், மூடினான். அந்தப் பழுப்பு அவன் கைவண்ணம். மைதாவில் ஒரு கரண்டி கருக்கின சர்க்கரைப் பாகை ஊற்றினால் ரொட்டிக்கு ஆரோக்கியம் வந்துவிடும். "மைதாவும் கோதுமைக்குப் பொறந்ததுதானேப்பா" என்பது முதலாளியின் தத்துவம். உறையில் அவர் பொய் சொன்னதே இல்லை. 'கோதுமை ரொட்டி' என்றுதான் போட்டிருந்தது.

"அக்கா, அதைக் கீழ வை."

"ஏன், கண்ணு வைக்கிறியா?"

"அது வெறும் மைதா. நிறம் நான் போட்டது."

அக்கா சிரித்தாள். "முதலாளிகூட சண்டையா?"

அவன் ஒரு துண்டைப் பிய்த்து அவள் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தான். பஞ்சாகத் திரண்டது. "தவிடு எங்கே, காட்டு பார்ப்போம்."

தேடினாள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டும் தேடினாள். இருந்தால்தானே! பிறகு அவனை நிமிர்ந்து பார்த்த பார்வையில் அடுப்பில்லாமலே ரொட்டி சுட்டிருக்கலாம்.

"வாக்கிங் கூட்டாளிங்க எல்லார் தலையிலயும் இதைக் கட்டினேனேடா, பாவி!"

மறுநாள் வேலை முடிந்ததும் தவிடு நீக்காத முழுக் கோதுமை மாவைப் பிசைந்தான். கை, பழக்கதோஷத்தில் மைதாவுக்கான தண்ணீரையே ஊற்றியது. வெந்து வந்ததைச் செங்கல் வியாபாரி பார்த்திருந்தால் விலை கேட்டிருப்பான்.

அக்கா அதை அறுத்தாள். அறுத்தாள் என்பது ஒரு மரியாதைக்கு. ஒரு துண்டை வாயில் போட்டு மென்றாள், மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். அவன் வாசலுக்கும் சமையலறைக்குமாக அலைந்தான்.

"எப்படி இருக்கு?"

"தாடை வலிக்குது." விழுங்கினாள். "ஆனா ஒரு துண்டுக்கே வயிறு போதும்ங்குது. கொஞ்ச நாள் இதையே தின்னு பார்க்கறேன். ஊசி வேணுமா வேண்டாமான்னு அப்புறம் டாக்டர் சொல்லட்டும். நாளைக்கு இன்னும் ரெண்டு டம்ளர் தண்ணி ஊத்து. கூட்டாளிங்களுக்கும் சேர்த்துச் சுடு."

"சரிக்கா."

"நீயே போய்க் குடு. காரணத்தையும் நீயே சொல்லு. உங்க முதலாளி பொண்டாட்டிக்கு முதல்ல. பாவம், என் பேச்சை நம்பி ரெண்டு மாசமா அதைத்தான் சாப்பிடறா."