வீடியோவின் கடைசியில் ஒரு குரல்

மஸ்கட்டைப் பற்றிச் சொல்கிறேன் என்று கூப்பிட்டவன் ஒருவன். மாந்தோப்பில் வந்து நின்றவர்கள் மூன்று பேர்.

அப்போதே அருள்குமார் திரும்பி ஓடியிருக்கலாம். கேட்க வந்த கேள்விதான் அவனை நிறுத்திவைத்தது. ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து அவனுக்கு விமானம். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக் வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். மருத்துவப் பரிசோதனை, சாப்பாடு, தங்கும் இடம், வெயில் என்று ஏஜெண்ட் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். ஆணை நேசிக்கும் ஓர் ஆண் அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஏஜெண்டிடம் கேட்க முடியுமா? அந்த நாட்டில் அதற்குச் சிறை உண்டு என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். ஆண்கள் ஆண்களோடு பேசும் போன் ஆப் ஒன்றில், ராஜா என்ற பொய்ப்பெயரில், அந்தக் கேள்வியைப் போட்டான். ஒருவன் பதில் எழுதினான். ஆறு வருடம் அங்கே இருந்தவனாம். போனில் எதை அழிக்க வேண்டும், யாரை நம்பக் கூடாது என்பதையெல்லாம் எழுத்தில் சொல்ல முடியாது, நேரில் வா என்றான். காரிமங்கலம் பக்கத்தில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் தோப்பு. புதன்கிழமை பிற்பகல் மூன்று மணி.

முதல் அடி பின்மண்டையில் விழுந்தது. மாங்கொம்பு. அருள் குப்புற விழுந்ததும் ஒருவன் முதுகில் ஏறி மிதித்தான். இன்னொருவன் பெல்ட்டைக் கழற்றினான். மூன்றாமவன், மற்ற இருவரும் வீரமணி என்று கூப்பிட்டவன், தன் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தான். முட்டி போடச் சொன்னான். நீ யார் என்று உன் வாயால் சொல் என்றான். அருள் சொல்லவில்லை. பெல்ட்டின் இரும்புக் கொக்கி புருவத்தைக் கிழித்தது. இரத்தம் கண்ணுக்குள் இறங்கியபோது சொன்னான். சிரித்தார்கள். சத்தமாகச் சொல் என்றார்கள். வாயில் மண்ணை அள்ளித் திணித்துவிட்டு மறுபடி சொல்லச் சொன்னார்கள். விலாவில் விழுந்த உதையில் உள்ளே ஏதோ முறிந்தது அவனுக்கே கேட்டது.

தோப்பின் ஓரத்திலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது. மூன்று பேரும் ஓடிவிட்டார்கள்.

ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தவள் ஐம்பது வயதுக்காரி. ஓடியவர்களின் முதுகைத்தான் பார்த்தாள். அருளின் வாயிலிருந்த மண்ணை விரலால் வழித்து எடுத்தாள். தூக்குச்சட்டியிலிருந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவன் நெற்றியில் இறுக்கிக் கட்டினாள். என்ன, ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்த பஸ் என்று மட்டும் கேட்டாள். கைத்தாங்கலாகக் கூட்டிப் போகும் வழியில் சிமெண்ட் ஓடு போட்ட வீட்டைக் காட்டி, அதுதான் தன் வீடு, பாஞ்சாலி என்று கேட்டால் சொல்வார்கள் என்றாள். கடவுள் அன்றைக்கு ஒரு துண்டின் அளவுக்கு இறங்கி வந்தார். அந்த நேரத்துக்கு அது போதுமாக இருந்தது.

அக்கா ஜாஸ்மினிடம் வண்டியிலிருந்து விழுந்துவிட்டதாகச் சொன்னான். அவள் மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்பவள். விழுந்த காயம் எது, அடித்த காயம் எது என்று பார்த்தாலே அவளுக்குத் தெரியும். மருந்து போட்டாள். அடித்தவர்களுக்குத் தன் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது என்பது ஒன்றுதான் அருளுக்கு ஆறுதல். அந்த ஆறுதலோடு தூங்கினான்.

வியாழக்கிழமை காலை முருகேஷ் போன் செய்தான். தருமபுரியில் ஃபிளெக்ஸ் அடிக்கும் கடையில் வேலை செய்பவன். நான்கு வருடமாக அருளுக்கு எல்லாமே அவன்தான். குரலில் அவ்வளவு சந்தோஷம். அதியமான்கோட்டை பஸ் ஸ்டாப்பில் பத்தடிக்கு ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறானாம், போய்ப் பார் என்றான்.

வேலைக்காக வெளிநாடு போகும் பையனுக்கு ஃபிளெக்ஸ் வைப்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான். அருள் கூலிங் கிளாஸோடு நின்றான். பின்னால் விமானம் பறந்தது. அதியமான்கோட்டை அருள்குமாரின் மஸ்கட் பயணம் சிறக்க வேண்டும் என்ற வாசகமும், ஞாயிற்றுக்கிழமைத் தேதியும், கீழே வாழ்த்தும் நண்பர்கள் என்று ஆறு முகங்களும் இருந்தன. முதல் முகம் முருகேஷுடையது. அருளின் தோளை ஒட்டி வருவதுபோல் அதை வைத்திருந்தான். நான்கு வருடத்தில் இருவரும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றை ஊர் பார்க்க மாட்ட முடிந்தது இதுதான் முதல் தடவை.

சாலையில் போகிற எவனும் படிக்கும்படி அருளின் பெயரும் ஊரும் முகமும் அங்கே தொங்கின. தோப்பில் நடந்ததை அப்போதுதான் முருகேஷிடம் சொன்னான். அரை மணி நேரத்தில் முருகேஷ் ஏணியும் கட்டிங் பிளேயருமாக வந்து சேர்ந்தான். அவன் மேலே கம்பியை நறுக்க, அருள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

சேலத்துக்குத் தக்காளி ஏற்றிப்போகும் வேன் ஒன்று அவர்களைத் தாண்டிப் போய் நின்றது. பிறகு பின்னால் வந்தது. வீரமணி இறங்கினான். கூடவே அந்த இருவரும். வீரமணி ஃபிளெக்ஸை எழுத்துக்கூட்டுகிறவன்போல நிதானமாகப் படித்தான்.

"ராஜான்னு சொன்னியேடா. அருள்குமாரா நீ? ஊரே வாழ்த்துது."

ஏணியை உதைத்தான். முருகேஷ் ஃபிளெக்ஸைக் கிழித்துக்கொண்டே விழுந்தான். சட்டத்திலிருந்த சவுக்குக் கம்பு ஒன்று முறிந்து வீரமணியின் கைக்கு வந்தது. முனையில் ஆணி. முதல் வீச்சு அருளின் தோளைக் கிழித்தது. இரண்டாவது அவன் தலைக்கு வந்தது. முருகேஷ் எழுந்து பாய்ந்து, குறுக்கே தன் வலது கையை நீட்டினான். காய்ந்த விறகு ஒடிவதுபோல மணிக்கட்டு ஒடிந்தது. ஒடிந்த கையின்மேலேயே வீரமணி இன்னும் இரண்டு தடவை அடித்தான். மற்ற இருவரும் அருளைத் தார்ச்சாலையில் இழுத்துப் போட்டு முகத்தில் மிதித்தார்கள்.

பஸ்ஸுக்கு நின்றவர்கள் இருபது பேர் இருக்கும். இவனுங்க யார் தெரியுமா என்று வீரமணி ஊருக்கே கேட்கும்படி சொன்னான். சிலர் சிரித்தார்கள். ஒருவர் பஸ் வருகிறதா என்று பார்த்தார். போன மாதம் அருள் ஃபிரிட்ஜ் சரிசெய்து கொடுத்த வீட்டுக்காரர் காறித் துப்பிவிட்டு நகர்ந்தார். டீக்கடைப் பெரியண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கி உள்ளே போய்விட்டார். அவரும் கைவிட்டார் என்றுதான் அருள் நினைத்தான். உள்ளே நின்று நூற்றெட்டுக்குப் போன் செய்தவர் அவர்தான். வெளியே வந்து தடுக்கும் தைரியம் அவருக்கு இல்லை. இருந்த தைரியத்தை அவர் ஒளித்துவைக்கவில்லை.

ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதும் வீரமணி குனிந்து அருளின் காதருகே மெதுவாகச் சொன்னான்.

"ஞாயித்துக்கெழம பிளேன் ஏறு. நீ எறங்கறதுக்குள்ள ஒன் வீடியோ அங்க எறங்கியிருக்கும். நம்மூருக்காரங்க எத்தனையோ பேர் இருக்காங்க அங்க. அவங்களே புடிச்சுக் குடுப்பாங்க. போவலன்னா, இங்க நான் இருக்கறேன்."

ஆஸ்பத்திரியில் இருவரும் ஏணியிலிருந்து விழுந்ததாகவே எழுதிக்கொடுத்தார்கள். புகார் கொடுத்தால் காரணத்தையும் சொல்ல வேண்டுமே. ஆணை ஆண் நேசிப்பது குற்றமில்லை என்று நாட்டின் சட்டம் சொல்லிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. பஸ் ஸ்டாப்புக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. முருகேஷுக்கு மணிக்கட்டில் கட்டுப் போட்டு வார்டில் சேர்த்தார்கள். அருள் விலாவில் கட்டோடு வீடு திரும்பினான். மஸ்கட் போனால் ஜெயில், இருந்தால் வீரமணி. வெள்ளிக்கிழமை முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான்.

பஸ் ஸ்டாப் பேச்சு ஜாஸ்மின் காதுக்கும் வந்துவிட்டது. சனிக்கிழமை காலை, இரத்தக்கறை போகத் துவைத்து இஸ்திரி போட்ட துண்டைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள்.

"இது யாருதோ, குடுத்துட்டுப் போ. அடுத்தவங்க பொருள வெச்சுக்கிட்டு ஊருக்குக் கெளம்பக் கூடாதுன்னு அப்பா சொல்லுவாரு." பிறகு அவன் தலையில் கைவைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். ஜெபிக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

பாஞ்சாலி வீட்டு வாசலில் புளியமரத்தடியில் ஆடுகளுக்குத் தழை நறுக்கிக்கொண்டிருந்தாள். அருளைப் பார்த்ததும் கொடுவாளைக் கட்டையில் கொத்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

"வா சாமி. மூஞ்சி அன்னிக்கவிட மோசமா இருக்குதே." துண்டை வாங்கிப் பார்த்தாள். "இதுக்குப்போயி இஸ்திரி போட்டியா?"

கல்லில் உட்காரவைத்து மோர் கொடுத்தாள். நாளைக்கு மஸ்கட்டுக்குக் கிளம்புகிறேன், அதற்குமுன் கொடுத்துவிடலாம் என்று வந்தேன் என்றான். பாதி குடிப்பதற்குள் வேன் சத்தம் கேட்டது. தக்காளி வேன். அது நேராக அந்த வாசலுக்கே வந்து நின்றபோது அருள் சொம்பைக் கீழே வைத்தான்.

"எம்பையன்தான்" என்றாள் பாஞ்சாலி.

வீரமணி வாசலில் அவனைக் கண்டான். சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டிக் காம்பை எடுத்தான். எழுந்திருக்க முயன்ற அருளின் முழங்காலில் முதல் அடி. விழுந்தவனின் முதுகில் அடுத்தது. கட்டுத்தறியில் ஆடுகள் மிரண்டு கத்தின. மூன்றாவது அடிக்குக் காம்பு மேலே போனபோது பாஞ்சாலி அருளின்மேல் குனிந்து நின்றாள். காம்பு அவள் இடுப்பை உரசிக்கொண்டு தரையில் மோதியது.

"தள்ளும்மா. இவன் யாருன்னு ஒனக்குத் தெரியாது."

"அடிபட்டவன். அது தெரியும்."

"என்ன எழவுன்னு நீயே பாரு." போனை எடுத்து வீடியோவைப் போட்டு அவள் கையில் திணித்தான்.

அவள் பார்த்தாள். முட்டி போட்டிருந்த பையனைப் பார்த்தாள். புருவம் கிழிந்ததை, வாய்க்குள் போன மண்ணைப் பார்த்தாள். படத்தில் தெரியாத ஒருவன் சிரிக்கும் சத்தம் அவளுக்குப் பழக்கமான சத்தமாக இருந்தது. கடைசியில், தூரத்திலிருந்து, ஒரு பெண்ணின் குரல்: ஏய், யார்ரா அங்க? யாரப் போட்டு அடிக்கறீங்க? படம் குலுங்கியது. ஓடும் கால்கள், புல், மண். முடிந்தது.

"அந்தக் கடைசிய இன்னொருக்கா வையி" என்றாள்.

வைத்தான்.

"இது எங்கொரலு."

அவள் மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கொரலுன்னு அப்பவே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"நல்ல காரியம் செய்யறவன், பெத்தவ கொரலக் கேட்டு எதுக்குடா ஓடுன?"

வீரமணி கிட்டே வந்தான். போனைப் பிடுங்கக் கை நீட்டினான். அவள் விடவில்லை. கையை முறுக்கினான். வளையல் உடைந்து இருவர் கையிலும் குத்தியது. அப்போதும் விடாதவளைப் புறங்கையால் வாயில் அடித்துவிட்டான். உதடு கிழிந்து இரத்தம் வடிந்தது. அடித்த கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பாஞ்சாலி தழை நறுக்கும் கட்டைக்குப் போனாள். போனை அதன்மேல் வைத்தாள். கொடுவாளை ஓங்கி ஒரே போடு. கண்ணாடி தெறித்தது. இரண்டாவது வெட்டில் உள்ளிருந்து புகை வந்தது. மூன்றாவது வெட்டில் அது இரண்டாகப் பிளந்தது.

"வேற யாருக்கு அனுப்புன?"

"யாருக்கும் அனுப்பல."

"பொய் சொல்லாத."

"ஒங்கொரல் இருக்குதுல்ல அதுல" என்றான் வீரமணி. "எப்படி அனுப்பறது?" சொல்லிவிட்டு வேனின் சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவன் அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் எழுந்தும் வரவில்லை.

மடிப்புக் கலையாத துண்டால் பாஞ்சாலி வாயைத் துடைத்துக்கொண்டாள். நொண்டியவனைத் தோளில் தாங்கிக்கொண்டு சாலைவரை நடந்தாள். இன்னொரு கையில் கொடுவாள். பஸ் வரும்வரை இருவரும் நின்றார்கள்.

"நீயும் எம்பையனும் சொல்ற அந்த விசயம் எனக்கு வெளங்கல சாமி. வெளங்காட்டி போவுது. போற எடத்துல, அடிபட்டா ஒனக்குத் தண்ணி குடுக்க யாராச்சும் இருக்காங்களா?"

அவன் கேட்க அலைந்த கேள்விக்கு மிகவும் பக்கத்தில் வந்த கேள்வி அது. தெரியாது என்று உண்மையைச் சொன்னான். போன உடனே அப்படி ஒருவரைப் பார்த்துவைத்துக்கொள் என்றாள். பஸ் கிளம்பிய பிறகும் கொடுவாளோடு அங்கேயே நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அருள் பையோடு ஆஸ்பத்திரிக்குப் போனான். வார்டில் முருகேஷ் கட்டிலில் உட்கார்ந்து அவன் போனை வாங்கினான். வலது கையில் மாவுக்கட்டு. இடது கட்டைவிரலால்தான் எல்லாம். வலியில் இரவெல்லாம் தூங்காமல், அப்படிப்பட்ட நாடுகளுக்குப் போய் வாழும் தங்களைப்போன்றவர்கள் எழுதியதையெல்லாம் தேடிப் படித்திருந்தான். முதலில் அந்த ஆப்பைப் போனிலிருந்து நீக்கினான். அங்கே போய் அதை மறுபடி போடாதே என்றான். முன்பின் தெரியாத ஒருவன் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் தனியாகப் பார்க்கப் போகாதே. அறையில் கூட இருப்பவன் நல்லவனாகவே இருந்தாலும் சொல்லாதே. தூதரகத்து நம்பரைப் போனில் மட்டும் இல்லாமல் தாளிலும் எழுதி வைத்துக்கொள். எனக்கு எழுதும்போது மச்சான் என்று எழுது, வேறெதுவும் வேண்டாம்.

பிறகு படங்களை அழிக்கத் தொடங்கினான். ஒகேனக்கல் பாறையில் எடுத்தது. மழையில் ஒரே ரெயின்கோட்டுக்குள் நின்றது. அருள் தூங்கும்போது எடுத்தது. ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், பார்த்துவிட்டு அழித்தான். அருள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. கடையில் அச்சுக்குத் தயாரித்த ஃபிளெக்ஸ் படம், ராத்திரிதான் முருகேஷ் அனுப்பியது. கூலிங் கிளாஸ், விமானம், கீழே ஆறு நண்பர்கள். முதல் முகம் தோளை ஒட்டி.

"இத எந்த ஊரு போலீசு பாத்தாலும் ஒண்ணும் இல்ல" என்றான் முருகேஷ். "இது இருக்கட்டும்."

போனை அருளின் சட்டைப் பையில் வைத்தான். கிழிந்த தோளில் இடது கையால் ஒருமுறை தொட்டான். பெங்களூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஜாஸ்மின் வாசலிலிருந்து கூப்பிட்டாள். அவள் தோளில் தண்ணீர் பாட்டில் தொங்கியது.