அப்பா அனுப்பாத வாடிக்கையாளர்

"அம்மா, யாருமே வரலையே!"

"கடைன்னு போட்டா கொஞ்ச நாள் ஈயும் ஓட்டணும்டி."

அம்மாவின் தையல் கடை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் நண்டு. எட்டு வயது. பக்கத்தில் அவளே எழுதிய அட்டை: 'மாட்டிக்கொண்ட ஜிப் சரிசெய்து தரப்படும்.' ஓடாத ஜிப்பின் பல்லில் பென்சில் முனையைத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடும் என்பதைத் தன் பள்ளிக்கூடப் பையில் கண்டுபிடித்திருந்தாள். அந்தச் சில்லறை வேலை வந்தாலே எரிந்து விழும் அம்மா, "நீயே பாத்துக்கோ தாயே" என்று உரிமையை எழுதிக் கொடுக்காத குறையாகக் கொடுத்துவிட்டாள்.

பஸ் டிரைவரான அப்பாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. மறுநாளிலிருந்து கடையில் போணி ஆகத் தொடங்கியது. டிப்போ மெக்கானிக் வந்தார். வாட்ச்மேன் வந்தார். அப்புறம் கண்டக்டர் வந்தார். அவரிடம்தான் குட்டு உடைந்தது.

"பாப்பா, இந்த டிக்கெட் பை ஜிப் சுத்தமா ஓட மாட்டேங்குது."

நண்டு இழுத்தாள். சர்ரென்று போனது. சர்ரென்று வந்தது.

"நல்லாத்தானே ஓடுது மாமா?"

"அப்படியா? காலையில ஓடலையே!"

"ஓடாத பையிலேருந்து எப்படி டிக்கெட் எடுத்தீங்க?"

"அது வந்து... உங்கப்பாதான்..." கண்டக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சாயங்காலம் அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நண்டு எதிரே வந்து நின்றாள்.

"மெக்கானிக் மாமாவை அனுப்பினது நீதானாப்பா?"

"அது..."

"வாட்ச்மேன் தாத்தா?"

அப்பா கூரையைப் பார்த்தார்.

"அப்ப எல்லாரும் உன் ஆளுங்கதான். எனக்குன்னு நெஜமா ஒருத்தர்கூட வரல." அட்டையையும் முக்காலியையும் உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

"நல்லா வளர்த்தீங்க வியாபாரத்தை" என்றாள் அம்மா.

"பாவம்மா, தனியா உக்காந்திருந்தா. பாத்துட்டு எப்படி சும்மா இருக்கறது?"

"சும்மா இருக்கறதும் ஒரு வேலைதான். கத்துக்கோங்க."

அடுத்த நாள் வாசலில் முக்காலி இல்லை. பாதி வைத்த காலரோடு அம்மா மிஷினில் குனிந்திருந்தபோது, நர்ஸ் ஒருத்தி மூச்சு வாங்க உள்ளே வந்தாள்.

"இந்தப் பை ஜிப்பைக் கொஞ்சம் பாருங்களேன். என் டியூட்டி கார்டு உள்ளே மாட்டிக்கிச்சு."

"அது என் வேலை இல்லைம்மா. அதுக்கு ஒரு ஆள் இருக்கா. கடை திறந்திருக்கான்னு அவகிட்டதான் கேக்கணும்."

நண்டு மெல்ல எட்டிப் பார்த்தாள். "உங்களை எங்கப்பா அனுப்பினாரா?"

"யாரு உங்கப்பா?"

"பஸ் டிரைவர்."

"நேத்து நான் கை காட்டியும் நிக்காம போனாரே, அவரா? கையில கிடைக்கட்டும், பேசிக்கறேன்!"

உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்த அப்பா டம்ளரோடு திரைக்குப் பின்னால் நகர்ந்தார்.

நண்டு பையை வாங்கி இழுத்தாள். ஜிப் அசையவில்லை. உண்மையாகவே அசையவில்லை! ஓடிப்போய்ப் பென்சிலை எடுத்து வந்து அழுத்தித் தேய்த்தாள். இரண்டு இழுப்பு. திறந்துகொண்டது.

"அப்பாடா!" என்ற நர்ஸ், பையைத் திருப்பிப் பார்த்ததும் அலறினாள். "ஐயையோ! என்ன இது?"

வெள்ளைத் துணியில் ஜிப் நெடுகக் கறுப்புக் கோடு.

"புதுப் பை இது! கடைன்னு உக்காந்தா போதுமா? துணி என்ன நிறம்னு பாக்க வேணாமா?"

"வெள்ளை இதுவரைக்கும் வந்ததில்லை அத்தை."

"அதுக்கு என் பைதான் கிடைச்சுதா? நாளைக்கு வருவேன். கறை போகலேன்னா காலணா கிடையாது, சொல்லிட்டேன்!" சாமான்களை ஒரு கவரில் கொட்டிக்கொண்டு, பையை விட்டுவிட்டு ஓடினாள்.

பிள்ளை அழப்போகிறது என்று அம்மா மிஷினை நிறுத்தினாள்.

"அம்மா, கேட்டியா? நெஜமாவே திட்டினாங்க! சொல்லிக் கொடுத்து வந்தா இப்படித் திட்ட வருமா?"

முகமெல்லாம் பல்லாக நின்றாள் நண்டு. உடனே வேலையில் இறங்கினாள். முதலில் ரப்பரால் அழித்தாள், பாதி போனது. மீதிக்குப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷும் சோப்பும். நுரை முழங்கை வரை ஏறியது.

திரைக்குப் பின்னாலிருந்து அப்பா வந்தார். "இப்படிக் கொடு கண்ணு, நான் ரெண்டே தேய்ப்புல..."

"தொடாதேப்பா! இவங்க என் கஸ்டமர்."

அப்பா இரண்டு கைகளையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவை அங்கேயும் சும்மா இருக்கவில்லை.

மறுநாள் நர்ஸ் வந்து, பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"உத்துப் பாத்தா இன்னும் தெரியுது."

"உத்துப் பாக்காதீங்க அத்தை."

நர்ஸ் உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கினாள். "பாதிக் கறைதானே போயிருக்கு? பாதிக் காசுதான் தருவேன்."

"முக்கால்வாசி போயிருக்கு! ஜிப் முழுசா ஓடுது!"

உள்ளே அப்பா வாயைத் திறந்தார். அம்மா அவர் காலை மிதித்தாள்.

"சரி, முக்கால்" என்றாள் நர்ஸ்.

"சரி அத்தை. அடுத்த தடவை வெள்ளைத் துணிக்கு மெழுகுவத்தி தேய்க்கறேன்."

"அடுத்த தடவை வேறயா?"

"ஜிப்புன்னா மாட்டாமலா போகும்?" என்றாள் நண்டு.