திரையில் ஓடாத ஒரு வரி

டிவி சேனலின் செய்தி ஆசிரியருக்கு அலுவலகத்தில் ‘பிளாஷ்’ என்று பட்டப்பெயர். அமைச்சர் தும்மினால்கூட திரையில் அவசரச் செய்தி என்று சிவப்புப் பட்டை போட்டுவிடுவார் என்று அவர் காதுபடவே கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். அப்பேர்ப்பட்ட மனிதர் அன்று காலை, போட்டே தீரவேண்டிய ஒன்றைப் போடவில்லை.

நட்சத்திரத் தம்பதியின் விவாகரத்து நேரலையில் போய்க்கொண்டிருந்தது. நீதிமன்ற வாசலில் கார் வந்ததா, கண்ணாடி இறங்கியதா என்று ஊரே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த நேரம். அப்போதுதான் குடிநீர் வாரியத்திலிருந்து தகவல் வந்தது. கிழக்குப் பகுதிக் குழாய்களில் கழிவுநீர் கலந்துவிட்டது, யாரும் குடிக்க வேண்டாம் என்று. உதவி ஆசிரியை பதறிக்கொண்டு வந்தாள்.

"கீழே ஓடுற ஸ்க்ரோல்ல போட்டுடவா சார்?"

"அதுல நடிகை சொன்னது ஓடுதும்மா. இது முடியட்டும், அப்புறம் போடலாம்."

சொன்ன கையோடு அவர் செய்த முதல் காரியம், வெளியே போய் மனைவிக்குப் போன் போட்டதுதான். அவர் வீடும் கிழக்குப் பகுதியில்தான். "குழாய்த் தண்ணியத் தொடாத. பிள்ளைங்களுக்குக் கேன் தண்ணி வாங்கிக் குடு." தன் பிள்ளைகளுக்கு ஒரு நியாயம், ஊரான் பிள்ளைகளுக்கு ஒரு நியாயம். திரும்பி வந்து உட்கார்ந்தவர் நடிகையின் காரில் மூழ்கிப்போனார். தண்ணீர் மதியச் செய்தியில்தான் வந்தது, அதுவும் கடைசியில்.

மாலையில் மனைவி அழைத்து ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாள். கீழ்வீட்டுக் குழந்தைக்கு நிற்காத வாந்தி பேதி. போனால், வார்டு முழுக்கக் கிழக்குப் பகுதி ஜனங்கள். ஒரு கட்டிலுக்கு இரண்டு குழந்தைகள். கீழ்வீட்டுக் குழந்தை கண் செருகிக் கிடந்தது. இப்போதைக்கு எதுவும் சொல்வதற்கில்லை என்றுவிட்டாராம் டாக்டர்.

அதன் தாயை மாமியார் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள். "காலையிலேர்ந்து டிவி முன்னாடிதானே உக்காந்திருந்தே? ஊருக்கெல்லாம் தெரிஞ்சது உனக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு?"

அவரைக் கண்டதும் அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க சேனல்தான் அண்ணா வெச்சிருந்தேன். பாத்திரம் தேய்க்க உள்ள போனப்ப போட்டிருப்பீங்க போல. பாவி நான், கவனிக்காம விட்டுட்டேன்."

ஆமாம், போட்டோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் தோண்டித் துருவப் போவதில்லை. சொல்லக்கூட வேண்டாம், தலையாட்டினாலே போதும். தலை பாதி ஆடியும் விட்டது, வெட்கங்கெட்ட தலை! அப்புறம் குழந்தை முனகியது. அவரால் முடியவில்லை.

"நீ கவனிக்காம விடலம்மா. நாங்க போடல. எனக்குக் காலையிலேயே தெரியும். நான்தான் நிறுத்தி வெச்சேன்."

அந்தப் பெண் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அவர் மனைவியைத்தான் பார்த்தாள்.

"அக்கா, நீங்க காலையிலேயே கேன் தண்ணி வாங்குனீங்களே?"

மனைவியின் முகம் வெளிறிவிட்டது. "இவரு போன்ல சொன்னாரு. டிவியில போட்டுட்டுத்தான் நமக்கும் சொல்றாருன்னு நெனச்சேன். இல்லன்னா ஓடி வந்து உன்கிட்ட சொல்லியிருக்க மாட்டேனா?"

குற்றம் தனக்கும் ஒட்டிக்கொண்டது அவளுக்குப் புரிந்தது. கணவன் பக்கத்திலிருந்து விலகிப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, குழந்தையின் சில்லிட்ட காலைத் தேய்த்துவிட ஆரம்பித்தாள். அவரும் ஓர் அடி எடுத்து வைத்தார். அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"நீங்க வீட்டுக்குப் போங்க," என்றாள். "நம்ம பிள்ளைங்க நல்லாத்தான் இருக்காங்க."