நீலச் சட்டை

அப்பாவுக்குக் கடைசியாகப் போட வேண்டிய வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தவள், ஒரு கை பாக்கி இருக்கும்போதே இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். மணி பதினொன்று. நாலு மணிக்குத்தான் எடுக்கிறார்கள்.

"எங்கடி கிளம்பிட்ட?" என்றாள் சித்தி.

"ஸ்டேஷனுக்கு."

"அப்பன் வீட்டுல கிடக்கிறப்பவா? புத்தி கெட்டுப்போச்சா?"

"பன்னெண்டு வருஷம் ஆச்சு சித்தி. இன்னிக்குக் கேட்டே ஆகணும்."

காலையில் அப்பா வாய் திறந்து சொன்னது இவ்வளவுதான். "உங்க அண்ணன் அன்னிக்குப் போட்டுட்டுப் போனது நீலச் சட்டை இல்லம்மா. வாத்தியாரோடது. சந்தனக் கலர்." அதற்குப் பிறகு பேச்சில்லை. ஏழரைக்கு மூச்சும் நின்றது.

காணாமல்போன அண்ணனுக்கு வீட்டில் மைனர் என்றுதான் பேர். அப்பாவின் சலவைக் கடைக்கு வருவதில் நல்ல சட்டையாகப் பார்த்து ஒரு நாள் போட்டுவிட்டு, மறுபடி துவைத்துத் தேய்த்து அடுக்கிவிடுவான். இது வெளியே தெரிந்தால் கடையை இழுத்து மூடவேண்டியதுதான். அதனால் அப்பா போலீஸில் நீலச் சட்டை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வாத்தியாரிடம் சட்டை தீய்ந்துவிட்டது என்று கும்பிடு போட்டார். அண்ணனுடைய அந்த நீலச் சட்டை, யாரும் வாங்க வராத துணி மூட்டையின் அடியில் மடிப்புக் கலையாமல் இருந்ததைச் சற்றுமுன்தான் அவள் தோண்டி எடுத்தாள்.

மாதாமாதம் போய் நின்று, ஸ்டேஷனில் அவளுக்கே அந்தப் பேர் விழுந்திருந்தது.

"வாங்க நீலச் சட்டை! மாசத்து முதல் திங்கக்கிழமைதானே வருவீங்க?" என்றார் எழுத்தர்.

"நீலம் இல்ல சார். சந்தனக் கலர். காலர் உள்பக்கம் எங்க கடை அடையாளம் இருக்கும். சிவப்பு நூல்ல மூணு தையல், குறுக்கே ஒண்ணு. அடையாளம் தெரியாத பொணங்க புத்தகத்தை எடுங்க."

"பழசெல்லாம் பரண்ல கிடக்கும்மா. அடுத்த வாரம்..."

"ஏணி எங்க இருக்கு? நானே ஏறுறேன்."

அவரே ஏறினார். நாலாவது புத்தகத்தில் விரல் நின்றது. வாய்விட்டுப் படிக்காமல் அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

பாலத்தடி. வயது இருபத்தைந்து இருக்கலாம். சந்தன நிறச் சட்டை. காலரில் சிவப்பு நூல், மூன்று தையல், குறுக்கே ஒன்று. பொது இடுகாடு, எண் நாற்பத்தொன்று. கீழே வேறு மையில் ஒரு வரி: தொலைபேசியில் விசாரித்ததில், தன் மகனுடைய சட்டை நீலம் என்று தந்தை கூறினார். நேரில் வரவில்லை.

"நூலை வெச்சுக் கடையைத் தேடியிருக்கலாமே சார்?"

"தேடியிருக்கணும்."

"எப்படிச் செத்தான்?"

"வழுக்கி விழுந்திருக்கலாம்னு போட்டிருக்கு."

"இருக்கலாம்னா எனக்குப் போதாது. பேப்பர் குடுங்க, மனு எழுதணும்."

எழுதி, முத்திரை வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். அம்மா எட்டு வருஷம் வாசல் கதவைத் தாழ்போடாமலே காத்திருந்து போய்ச் சேர்ந்தாள். பக்கத்தில் படுத்திருந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரை உலுக்கி எழுப்பிக் கேட்கவேண்டும் போலிருந்தது. பாக்கியிருந்த கையைத் தேய்த்து முடித்துச் சட்டையைச் சித்தியிடம் நீட்டினாள்.

அதே பொது இடுகாட்டில் அப்பாவைப் புதைத்து எல்லோரும் கலைந்ததும் குழிவெட்டுபவரிடம் போனாள்.

"நாப்பத்தொண்ணு எங்கண்ணே?"

அவர் மண்வெட்டியால் சுவரோரத்தைக் காட்டினார். முழங்கால் உயரத்துக்குப் புல். கை வலிக்கப் பிடுங்கிப்போட்டாள். பைக்குள்ளிருந்து நீலச் சட்டையை எடுத்து மண்மேல் விரித்தாள். பன்னிரண்டு வருஷ மடிப்பு நடுவில் கோடாக நின்றது. காலரிலிருந்து கீழ்வரை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். போகவில்லை. மறுபடி தேய்த்தாள்.